கொடுமுடி தந்த குரல்

கொங்கு நாட்டின் வழியே தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரியாறு கிழக்கு நோக்கித் திரும்பும் இடத்தில் கொடுமுடி என்னும் ஊர் அமைந்திருக்கிறது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் சுந்தரரும் பாடிய பழம்பதி அது. தேவாரத்தில் அதற்குப் பாண்டிக்கொடுமுடி என்று பெயர். ஆற்றங்கரையில் மகுடேசுவரர் திருக்கோயில் நிற்கிறது. ஊரை ஒட்டி, ஈரோட்டிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை ஓடுகிறது. கோயிலில் ஓதுவார் பாடும் பண்ணும், வயலில் உழவர் பாடும் நாட்டுப் பாடலும், திருவிழாவில் காவடி எடுப்போர் பாடும் சிந்தும் அவ்வூர் மக்களின் செவிகளில் நாளும் கலந்து ஒலித்தவை. இந்த ஒலிகளையெல்லாம் தன்னகத்தே வாங்கிக்கொண்டு, பின்னர் அவற்றை நாடு முழுவதற்கும் திருப்பி வழங்கிய குரல் ஒன்று அவ்வூரில் தோன்றியது. அக்குரலுக்கு உரியவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்.

இளமையும் வறுமையும்

சுந்தராம்பாள் 1908-ஆம் ஆண்டு பிறந்தார். அவர் தாயாரின் பெயர் பாலாம்பாள். ஊரின் பெயரையும் தாயின் பெயரையும் முதலெழுத்துகளாகத் தாங்கியதே கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெயர். உலகம் புகழ்ந்த நாளிலும் அவர் அவ்விரண்டு எழுத்துகளையும் விட்டுவிடவில்லை. பிறந்த மண்ணும் பெற்ற தாயும் அவருடைய பெயரிலேயே என்றும் உடன்வந்தனர்.

குடும்பம் மிக எளியது. தாயார் அரும்பாடு பட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். அடுப்பு எரியாத நாள்களும் அவ்வீட்டில் உண்டு. பள்ளிப் படிப்பிற்கோ, ஆசிரியரிடம் முறையாக இசை பயில்வதற்கோ அங்கே வழி இருக்கவில்லை. ஆயினும் இயற்கை அச்சிறுமிக்கு ஓர் அரிய செல்வத்தை அளித்திருந்தது. கேட்ட பாட்டை ஒரு முறையிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளும் செவியும், எட்டாத உயரத்திலும் தளராமல் நிற்கும் குரலும் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தன.

அந்தக் குரலே குடும்பத்தின் பசியைத் தணிக்கவும் உதவியது. புகைவண்டியில் ஏறிப் பாட்டுப் பாடி, பயணிகள் மனமுவந்து கொடுத்த காசுகளைப் பெற்றுத் தாயிடம் சேர்த்தார் சிறுமி சுந்தராம்பாள். வண்டியின் இரைச்சலுக்கு மேலே எழுந்து, பெட்டியின் கடைசியில் இருப்பவர் செவிக்கும் எட்டுமாறு பாட வேண்டும். பாட்டைக் கேட்கவே எண்ணாமல் அமர்ந்திருப்பவரின் நெஞ்சையும் தொட வேண்டும். இசையரங்கில் கற்க முடியாத இந்தப் பாடத்தை அவர் புகைவண்டியில் கற்றார். தம்மை வளர்த்தவர்கள் பெயர் அறியாத அந்தப் பயணிகள் என்பதையும் அவர் மறந்தாரல்லர்.

இவ்வாறு பாடிய சிறுமியின் குரலைக் கேட்டு வியந்தோருள் ஒருவர் எப். ஜி. நடேச ஐயர். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலராக விளங்கிய அவர், நாடகக் கலையில் ஆழ்ந்த பற்றுடையவர். அந்நகரின் ரசிக ரஞ்சன சபையைத் தோற்றுவித்தவர். அவருடைய உதவியால் சுந்தராம்பாளுக்கு நாடக மேடையின் கதவு திறந்தது. வேலு நாயர் நடத்திய நாடகக் குழுவில் அவர் சேர்ந்தார்.

நாடக மேடை

அக்காலத்து நாடகம் இரவு முழுவதும் நடைபெறும். ஊருக்கு வெளியே கொட்டகை போடப்படும். ஒலிபெருக்கி இல்லை; மின்விளக்கும் பல ஊர்களில் இல்லை. கொட்டகையின் ஓரத்தில் மண் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிடில் மக்கள் பொறுக்கமாட்டார்கள். ஆகவே வலிய குரலும் தெளிந்த உச்சரிப்பும் நடிகர்க்கு இன்றியமையாதனவாக இருந்தன.

சுந்தராம்பாள் சிறு பருவத்தில் நடித்த நாடகங்களுள் ஒன்று நல்லதங்காள். வறுமையால் வாடிய ஒரு தாய் தன் குழந்தைகளுடன் படும் துயரத்தைக் கூறும் கதை அது. அதில் சுந்தராம்பாள் ஏற்றது, ஆண்பிள்ளை வேடம். பசி தாங்காமல் தாயிடம் கதறும் குழந்தையின் பாட்டை அவர் பாடியபோது கொட்டகை முழுவதும் கண்ணீர் விட்டது. அப்பசி அவருக்குப் புதியதன்று. தம் வீட்டில் அறிந்த பசியையே அவர் மேடையில் பாடினார். அதனால் அது நடிப்பாகத் தோன்றவில்லை.

பின்னர் நாடகக் குழுவுடன் கடல் கடந்து இலங்கைக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த தமிழ் மக்கள் அவருடைய இசையைப் பெரிதும் வரவேற்றனர். இளம்பருவத்திலேயே அவருடைய புகழ் இரு நாடுகளிலும் பரவியது.

பல இசைகளின் கூட்டு

சுந்தராம்பாள் பாடிய நாடக இசை ஒரே ஊற்றிலிருந்து பிறந்ததன்று. சங்கரதாசு சுவாமிகள் முதலிய ஆசிரியர்கள் இயற்றிய நாடகப் பாடல்களுக்குக் கருநாடக இசையின் இராகங்கள் அடிப்படையாக அமைந்தன. அவற்றோடு ஊர்ப்புறத்துச் சிந்தும், தெம்மாங்கும், ஒப்பாரியும் சேர்ந்தன. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவினர் பாடிய இந்துத்தானி மெட்டுகளும் தமிழ் மேடையில் இடம்பெற்றன. மேலைநாட்டிலிருந்து வந்த ஆர்மோனியம் இவை அனைத்திற்கும் துணையாக ஒலித்தது. கருநாடக இசை கற்ற அறிஞருள் சிலர், இக்கலப்பைக் குறைவாக மதித்தனர். சபையில் பாடுவது உயர்ந்தது, கொட்டகையில் பாடுவது தாழ்ந்தது என்னும் வேலி அன்று இருந்தது.

அம்மையாரின் குரல் அந்த வேலியைப் பொருட்படுத்தவில்லை. தாளக்கட்டு இன்றி நிதானமாக இராகத்தை விரித்துப் பாடும் விருத்தத்தில், பல ஆண்டு பயின்றவரும் வியக்கும் நுட்பம் அவரிடம் இருந்தது. அடுத்த நொடியில் எளிய சிந்தைப் பாடினால், கல்லாத உழவனும் கூடவே பாடுவான். இராகத்தின் இனிமைக்காகச் சொல்லின் பொருளை அவர் சிதைத்ததில்லை. சொல்லுக்காக இசையின் தூய்மையைக் குறைத்ததும் இல்லை. கற்றவரும் கல்லாதவரும் ஒரே கொட்டகையில் அமர்ந்து ஒரே பாட்டைக் கேட்டு மகிழ்ந்தது அவருடைய கலையின் தனிச்சிறப்பாகும்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் அமெரிக்க நாட்டிலும் இதனை ஒத்த ஒன்று நிகழ்ந்தது. நியூ ஆர்லியன்சு நகரில் கறுப்பின மக்கள் தங்கள் தொழிற்பாட்டையும், கோயிற்பாட்டையும், ஊர்வலங்களில் முழங்கிய ஊதுகருவி இசையையும் ஒன்றாக இணைத்து ஜாஸ் என்னும் புதிய இசையைப் படைத்தனர். அவ்விசையின் பெருங்கலைஞராகிய லூயி ஆம்ஸ்ட்ராங் 1901-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தெருவில் பாடிக் காசு பெற்றவர். கொடுமுடிக்கும் நியூ ஆர்லியன்சுக்கும் எத்தனையோ ஆயிரம் கல் தொலைவு. எனினும், ஏழை மக்களிடையே பிறந்த குரல்கள் இசையின் வேலிகளைத் தாண்டி எல்லார்க்கும் உரியவையாயின என்பது இரண்டு இடங்களுக்கும் பொதுவான உண்மை.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்

அந்நாளில் தமிழ் நாடக மேடையில் ஈடும் எடுப்பும் இன்றி விளங்கியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-இல் பிறந்த அவர், கன்னையா அவர்களின் நாடகக் குழுவில் நடித்துப் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய குரல் மின்னல்போல் விரைந்து உச்சத்தை எட்டும். அங்கேயே நின்று சுடர்விடும். 1926-ஆம் ஆண்டளவில் இலங்கையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் தோன்றினர். ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டு விடையாக அமைந்தது. எவர் குரல் சிறந்தது என்று வழக்காடிய மக்கள், இறுதியில் இரண்டும் சேர்ந்தால்தான் சிறப்பு என்று முடிவு கட்டினர்.

1927-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். வள்ளி திருமணம் முதலிய நாடகங்களில் இணைந்து நடித்தனர். அவர்கள் ஊருக்கு வருகிறார்கள் என்றால், சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலிருந்து மாட்டுவண்டிகள் வரிசையாகப் புறப்படும். இசைத்தட்டுகள் வாயிலாக அவர்களுடைய பாடல்கள் அவர்கள் செல்லாத ஊர்களுக்கும் சென்றன.

கதரும் பாட்டும்

அது நாட்டின் விடுதலைப் போர் நடைபெற்ற காலம். அந்நிய ஆட்சி நாடகங்களைக் கண்டு அஞ்சியது. 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தைக் கொண்டு அரசாங்கம் நாடகங்களைத் தடை செய்தது. நடிகர் விசுவநாததாசு மேடையில் நாட்டுப் பாடல்களைப் பாடியதற்காகப் பன்முறை சிறை சென்றார். ஆயினும் கலைஞர்கள் வழி கண்டுபிடித்தனர். தினைப்புனத்தில் பறவைகளை ஓட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கை ஓட்டும் பாட்டு எழும். எந்தக் கொக்கை ஓட்டச் சொல்கிறார்கள் என்பதைக் கொட்டகையில் இருந்த குழந்தையும் அறிந்து ஆரவாரித்தது.

இந்தப் போரில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் முழுமனத்துடன் ஈடுபட்டனர். பட்டாடை உடுத்தும் வசதி இருந்தும் கதர் உடுத்தினர். நாடகத்தின் நடுவிலும் பொதுக்கூட்டங்களிலும் காந்தியடிகளையும் கதரையும் போற்றும் பாடல்களைப் பாடினர். இசைத்தட்டுகளிலும் அத்தகைய பாடல்களை அம்மையார் பாடினார்.

கதரின் தமிழ்நாட்டுத் தலைநகரம்போல் அன்று விளங்கியது, கொடுமுடி அமைந்த அதே கொங்கு நாட்டுத் திருப்பூர். 1925-இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அங்கிருந்து பணியாற்றியது. கொங்கு நாட்டுக் கரிசல் நிலத்தில் பருத்தி விளைந்தது. சுற்றுப்புற ஊர்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் இராட்டை சுற்றி நூல் நூற்றனர். அந்நூலை நெசவாளர் கைத்தறியில் நெய்தனர். உழவு ஓய்ந்த கோடைக்காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அந்த நூற்புக்கூலியே கஞ்சி வார்த்தது. ஆனால் நெய்த துணியை வாங்குவார் வேண்டுமே! ஆலைத் துணி மலிவாகவும் மென்மையாகவும் கிடைத்தபோது, முரட்டுக் கதரை வாங்கும் மனத்தை மக்களுக்கு எவ்வாறு உண்டாக்குவது? எழுத்தறிவு பரவாத அந்நாளில், செய்தித்தாள் எட்டாத இடத்திற்கும் பாட்டு எட்டியது. சொற்பொழிவு செய்ய முடியாததைச் சுந்தராம்பாளின் ஒரு பாட்டு செய்தது.

1932-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சென்னிமலையில் பிறந்த குமரன் திருப்பூர்த் தெருவில் நாட்டுக்கொடியை ஏந்திச் சென்று, காவலரின் தடியடிக்கு ஆளாகி உயிர் நீத்தார். ஒருவர் உயிரையே ஈந்த மண்ணில், தம் குரலையேனும் நாட்டிற்கு முழுமையாக ஈய வேண்டும் என்பது அக்காலக் கலைஞர்களின் உறுதியாயிற்று.

பெருந்துயர்

இவ்வாறு சென்றுகொண்டிருந்த வாழ்க்கையில் பேரிடி விழுந்தது. கணவன் மனைவியரிடையே சில வேற்றுமைகள் தோன்றிப் பிரிவும் நேர்ந்திருந்தது. கிட்டப்பாவின் உடல்நலம் குன்றியது. 1933-ஆம் ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள் அவர் உலக வாழ்வை நீத்தார். இருபத்தெட்டு வயதையும் அவர் நிறைவு செய்யவில்லை.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று அணிந்த வெள்ளைச் சேலையை அவர் வாழ்நாள் முழுவதும் மாற்றவில்லை. அணிகலன்களைத் துறந்தார். இனி ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மேடையை விட்டு விலகித் தம் துயரத்துள் மூழ்கினார். அவர் அவ்வாறே இருந்துவிட்டிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். மக்கள் அவருக்காக இரங்குவார்கள்; சில ஆண்டுகளில் மறந்தும் விடுவார்கள்.

ஆனால் அவர் மீண்டும் பாட வந்தார். பிறருடைய வேண்டுகோள்களும் இதற்குக் காரணமாயின. நாட்டுப்பற்று மிக்க தலைவரும், நாடகக் கலையில் பேரார்வம் உடையவருமான தீரர் சத்தியமூர்த்தி அவரை ஊக்குவித்தார். தம் துயரம் பெரிது என்பதை அம்மையார் அறிவார். நாட்டின் துயரம் அதனினும் பெரிது என்பதையும் அறிந்தார். குரல் தமக்கு மட்டும் உரிய உடைமையாக இருந்தால் அதை அடக்கி வைக்கலாம். மக்கள் ஈந்த காசில் வளர்ந்த குரலை அடக்கி வைக்க அவருக்கு உரிமை உண்டோ?

நந்தனாரும் மணிமேகலையும்

மீண்டும் வந்த அம்மையார் தேர்ந்துகொண்ட வேடங்கள் நினைத்துப் பார்க்கத் தக்கவை. முதலில் ஏற்றது நந்தனார் வேடம். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, தில்லைக் கூத்தனைக் காண வேண்டும் என்று ஏங்கி, கோயிலுக்குள் நுழைய முடியாமல் புறத்தே நின்று உருகிய அடியாரின் வேடம் அது. 1935-இல் பக்த நந்தனார் திரைப்படமாக வெளிவந்தது. அதில் ஆண் வேடத்தில் நந்தனாராக அம்மையார் நடித்தார். வேதியராக நடித்தவர் புகழ்பெற்ற இசைவாணர் மகாராசபுரம் விசுவநாத ஐயர். கொட்டகைப் பாட்டும் கச்சேரிப் பாட்டும் ஒரே படத்தில் எதிரெதிரே நின்றன.

திரைப்படத்தில் நடிக்க விருப்பம் இல்லாத அம்மையார், கேட்டவர் திரும்பிப் போய்விடுவார் என்று எண்ணியே ஓர் இலட்ச ரூபாய் ஊதியம் கேட்டார் என்றும், படம் எடுத்தவர் அதற்கும் இணங்கிவிட்டார் என்றும் கூறுவர். அந்நாளில் வேறு எந்தக் கலைஞரும் எட்டாத பெருந்தொகை அது. ஆயினும் படம் எல்லாருடைய பாராட்டையும் பெறவில்லை. எழுத்தாளர் கல்கி அதனைக் கடுமையாகக் குறை கூறி எழுதினார். குறைகள் பல இருந்தபோதிலும், கோயிற் கதவு அடைக்கப்பட்ட மக்களின் ஏக்கத்தை ஒரு பெண்ணின் குரல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் எழுப்பியது. எல்லா மக்களும் கோயிலுக்குள் செல்லலாம் என்னும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-இல் பிறந்தது. அதற்காக நாட்டில் எழுந்த பல குரல்களோடு நந்தனாரின் குரலும் கலந்திருந்தது.

1937-இல் மாகாணத் தேர்தல் நடைபெற்றபோது அம்மையார் ஊர் ஊராகச் சென்று காங்கிரசுக்காகப் பாடினார். தலைவர்கள் பேசுமுன் அவர் பாடுவார்; கூட்டம் கடல்போல் திரளும். காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையாரின் இல்லத்திற்கு வந்தபோது நடந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. அம்மையார் பொற்றட்டில் உணவு படைத்தாராம். உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று அடிகள் நகைத்துக்கொண்டே கேட்டாராம். அம்மையார் சிறிதும் தயங்காமல் அத்தட்டையும் நாட்டுப் பணிக்கு ஈந்தாராம். ஒரு காலத்தில் ஒருவேளை உணவுக்காகப் பாடிய பெண்ணுக்கு, உண்ணும் பொற்றட்டையும் கொடுத்துவிடும் மனம் இருந்தது என்று அவ்வட்டார மக்கள் பெருமையுடன் நினைவுகூர்வர்.

1940-இல் மணிமேகலை என்னும் படத்தில் அவர் நடித்தார். கையில் அமுதசுரபியை ஏந்தி, பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட துறவுச் செல்வி மணிமேகலை. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் கதறிய அதே குரல், இப்போது பசிப்பிணி தீர்க்கும் அறத்தைப் பாடியது.

தமிழிசைத் தொண்டு

தமிழ்நாட்டு இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்னும் இயக்கம் 1940-களில் வலுப்பெற்றது. அண்ணாமலை அரசர் முதலியோரின் முயற்சியால் 1943-இல் தமிழிசைச் சங்கம் சென்னையில் தோன்றியது. அறிஞர்கள் இதுபற்றி வாதிட்டுக்கொண்டிருந்தபோது, அம்மையார் வாதிடவில்லை, தமிழில் பாடிக்காட்டினார். பொருள் விளங்கப் பாடினால் தமிழ் மக்கள் எத்துணை உருகுவர் என்பதற்கு அவருடைய ஒவ்வொரு நிகழ்ச்சியும் சான்றாக நின்றது.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1951-இல் அம்மையார் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞருள் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல்வர் என்று அவரைக் கூறுவர். புகைவண்டியில் பாடிய சிறுமி சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்தது, மக்களாட்சி அளித்த பெருமைகளுள் ஒன்று.

1953-இல் ஜெமினி நிறுவனத்தார் ஔவையார் திரைப்படத்தை வெளியிட்டனர். எஸ். எஸ். வாசன் தயாரித்த அப்படத்தைக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். நரைத்த முடியும் நெற்றியில் திருநீறும் கையில் கோலுமாக அம்மையார் திரையில் நடந்து வந்தபோது, ஔவைப் பிராட்டியையே கண்டதாக மக்கள் கைகூப்பினர். மன்னனுக்கும் அஞ்சாமல் உண்மையை உரைத்து, ஏழையின் குடிசையில் கூழ் உண்டு மகிழ்ந்த மூதாட்டியின் வேடம் அவருடைய வாழ்வோடு பொருந்தியது. அன்றுமுதல் தமிழ்ச் சிறுவர்கள் ஔவையாரை மனக்கண்ணில் காணும்போது அம்மையாரின் முகமே தோன்றலாயிற்று. 1965-இல் வெளிவந்த திருவிளையாடலிலும், 1967-இல் வெளிவந்த கந்தன் கருணையிலும் அவரே ஔவையாராகத் தோன்றினார்.

1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாக நடித்தார். அப்படத்திற்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. அம்மையார் காங்கிரசுப் பற்றும் முருகப் பற்றும் மிக்கவர்; எழுதியவர் வேறு கட்சியினர், வேறு கொள்கையினர். ஆயினும் சிலப்பதிகாரத்தின் பொருட்டு இருவரும் ஒன்றுபட்டனர். இசையின் வேலிகளைக் கடந்தவருக்குக் கட்சியின் வேலியைக் கடப்பதும் அரிதாக இல்லை.

புகழும் நிறைவும்

பரிசுகள் அவரைத் தேடி வந்தன. தமிழிசைச் சங்கம் 1966-இல் இசைப் பேரறிஞர் என்னும் பட்டத்தை வழங்கியது. முறையாக இசைப்பள்ளியில் பயிலாதவரை இசை அறிஞர்கள் கூடிப் பேரறிஞர் என்று போற்றினர். சபைக்கும் கொட்டகைக்கும் இடையே இருந்த வேலி அன்று வெளிப்படையாகவே விழுந்தது. 1969-இல் வந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. 1970-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. 1973-இல் வந்த காரைக்கால் அம்மையார் படத்தில், இறைவனைப் பாடுவதற்காகவே பேயுருவை வேண்டிப் பெற்ற அடியாராக நடித்தார்.

செல்வம் வந்த காலத்தும் அம்மையாரின் வாழ்க்கை எளிமையாகவே இருந்தது. வெள்ளைச் சேலை, நெற்றி நிறைந்த திருநீறு, முருகன்பால் மாறாத அன்பு ஆகிய இவையே அவருடைய அணிகள். பெருநகரில் புகழ் பெற்ற பின்னும் பிறந்த ஊரை அவர் மறக்கவில்லை. தம் ஊர் மக்களுக்கென்று கொடுமுடியில் திரையரங்கு ஒன்றை அமைத்தார். 1980-ஆம் ஆண்டு அம்மையார் மறைந்தார்.

பெற்றதும் ஈந்ததும்

சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்வைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அவர் பெற்றவையெல்லாம் மக்களிடமிருந்து பெற்றவை. கோயிலில் ஓதுவார் பாடிய பண்ணும், வயலில் பெண்கள் பாடிய தெம்மாங்கும், இழவு வீட்டில் எழுந்த ஒப்பாரியும் அவருக்கு ஆசிரியர்களாயின. புகைவண்டிப் பயணிகள் ஈந்த காசு அவருக்குச் சோறாயிற்று. பெற்றவற்றை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நூற்றுப் பிழைத்த ஏழைப் பெண்களுக்காகக் கதரைப் பாடினார். அடிமைப்பட்ட நாட்டிற்காக விடுதலையைப் பாடினார். கோயிலுக்கு வெளியே நின்றவனுக்காக நந்தனாராகப் பாடினார். தம் மொழிக்கு இசையரங்கில் இடம் வேண்டித் தமிழில் பாடினார்.

அம்மையார் பாடிய காலத்துக் கதர்த் திருப்பூர், பின்னாளில் பின்னலாடை நகரமாக வளர்ந்து உலகெங்கும் ஆடை அனுப்பும் பெருமை பெற்றது. பல பஞ்சுகளிலிருந்து இழை திரட்டி, இழையோடு இழை கோத்துப் பின்னுவது அந்நகரின் தொழில். பல இசைகளிலிருந்து இழை எடுத்து ஒரே பாட்டாகப் பின்னியவர் அம்மையார். ஆடை உடலுக்கு மானம் காக்கிறது. அவருடைய பாட்டு, தாழ்ந்து கிடந்த மக்களின் உள்ளத்திற்கு மானம் காத்தது.

கல்வியும் கலையும் செல்வமும் ஒருவருக்குத் தனியே பிறப்பதில்லை. அவற்றை ஆக்கித் தருவதில் பெயர் தெரியாத பலருடைய கைகள் உதவியிருக்கின்றன. அவ்வுதவியை நினைவில் வைத்து, பெற்றதைப் பெருக்கித் திருப்பி வழங்குவதே உயர்ந்த வாழ்வு. காவிரி குடகில் பிறக்கிறது. வழியில் பல ஆறுகளின் நீரைப் பெறுகிறது. பெற்ற நீரையெல்லாம் இருகரை வயல்களுக்கும் கொடுத்துக்கொண்டே செல்கிறது. அந்த ஆற்றங்கரையில் பிறந்த சுந்தராம்பாள் அம்மையாரும் அவ்வாறே வாழ்ந்து காட்டினார்.